நிக்கோடெமஸ், கன்சாஸ்: புல்வெளி நடுவுல ஒரு ஊர் உருவான கதை

அமெரிக்காவுல ப்ரெய்ரின்னு சொல்ற அந்தப் பெரிய புல்வெளியில இருக்கற குட்டி ஊரெல்லாம் எப்படி உருவாச்சு, யாரு போய் அங்க குடியேறினாங்க, அப்புறம் ஏன் அதுல பாதி ஊர் காலியா போச்சுன்னு கேட்டிருக்கீங்க. பொதுவா சொல்லப்போனா இலவச நிலம், ரயில், வறட்சின்னு மூணு வார்த்தையில முடிஞ்சிடும், ஆனா அதுல ஒண்ணும் பிடிபடாது. அதனால ஒரே ஒரு ஊரை எடுத்துக்கிட்டு முழுசா சொல்றேன். கன்சாஸ் மாநிலத்துல வடமேற்குப் பக்கம் கிரஹாம் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) சாலமன் ஆத்தோட தெற்குக் கிளை ஓரமா இருக்கற நிக்கோடெமஸ். அடிமைத்தனத்துல இருந்து விடுதலையாகி பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்த கருப்பின மக்கள் 1877ல போய் உருவாக்கின ஊர் இது. அடிமை முறையால அமெரிக்காவோட வடக்கும் தெற்கும் மோதின உள்நாட்டுப் போருக்கு அப்புறம் மிசிசிப்பி ஆத்துக்கு மேற்க அப்படி உருவான ஊர்கள்ல ரொம்ப பழசு, இன்னைக்கும் ஆள் இருக்கற ஊர். ப்ரெய்ரி ஊர்களோட கதையில வர்ற எல்லாமே, நோட்டீஸ், ஏமாத்து, குழி வீடு, கவுண்டி தலைநகர் சண்டை, வராத ரயில், எல்லாமே இந்த ஒரு ஊருக்குள்ள இருக்கு.

முதல்ல நிலத்தைப் பத்தி. அது காலி நிலம்னு நினைச்சுடாதீங்க. பானி, ஷயான், அரபஹோன்னு பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையா பைசன்ங்கற காட்டெருமையை வேட்டையாடின இடம் அது. 1867ல மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டு ஷயான், அரபஹோ மக்களைத் தெற்க இப்போ ஓக்லஹோமான்னு சொல்ற பக்கமா தள்ளினாங்க, அதுக்கு அப்புறம் பத்து வருஷத்துக்குள்ள தோலுக்காக எருமைக் கூட்டத்தையே சுட்டு முடிச்சாங்க. அதனால நிக்கோடெமஸ்காரங்க வந்து சேந்தப்ப அங்க எருமைங்க உருண்டு பெரண்ட பள்ளமும் வெள்ளை வெளேர்னு சிதறிக் கிடந்த எலும்பும்தான் மிச்சம். அந்த எலும்பைப் பொறுக்கி வண்டியில ஏத்தி ரயில்வே ஸ்டேஷன்ல உரத்துக்காக வித்து முதல் சில வருஷம் வயித்தைக் கழுவின குடியேறிகள் மேற்கு கன்சாஸ் முழுக்க இருந்தாங்க. ஒரு ஜனத்தோட சாப்பாட்டை அழிச்சுட்டு அந்த எலும்பை இன்னொரு ஏழை ஜனம் பொறுக்கின கதை அது, இதைச் சொல்லாம ப்ரெய்ரி வரலாறு சொல்றதுல எனக்கு சம்மதமே இல்ல.

1862ல லிங்கன் காலத்துல வந்த ஹோம்ஸ்டெட் சட்டம்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. 21 வயசு ஆன குடிமகனோ குடும்பத் தலைவரோ ஒரு சின்ன கட்டணம் கட்டி 160 ஏக்கர் அரசாங்க நிலத்தைப் பேர்ல பதிஞ்சுக்கலாம், அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து வீடு கட்டி உழுது காட்டினா நிலம் சொந்தம். சட்டம் வந்தப்ப அடிமையா இருந்தவங்க குடிமக்களே கிடையாது, 1866 சிவில் உரிமைச் சட்டமும் 1868ல வந்த அரசியல் சட்டத்தோட 14வது திருத்தமும் வந்த பிறகுதான் அவங்களுக்கும் அந்தக் கதவு திறந்துச்சு.

சரி, யாரு இவங்க, ஏன் கிளம்பினாங்க? பெரும்பாலானவங்க கென்டக்கி மாநிலத்துல லெக்ஸிங்டன், ஜார்ஜ்டவுன் சுத்துவட்டாரத்துக்காரங்க. கென்டக்கி போர்ல வடக்குப் பக்கமே நின்ன மாநிலம், அதனால பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களுக்காகப் போட்ட லிங்கனோட விடுதலைப் பிரகடனம் அங்க செல்லுபடியாகல, 1865 டிசம்பர்ல 13வது திருத்தம் வந்த பிறகுதான் அங்க அடிமை முறை சட்டப்படி முடிஞ்சுது. முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னா பழைய எஜமானோட நிலத்துலயே விளைச்சல்ல ஒரு பங்குக்கு உழறது, விதைக்கும் உப்புக்கும் கடன், அறுவடை முடிஞ்சா கடன் மட்டும் மிச்சம், இதுக்கு நடுவுல ராத்திரியில முகமூடி போட்டுக்கிட்டு வர்ற கும்பல் வேற. 1877 ஏப்ரல்ல தெற்குல கடைசியா காவலுக்கு நின்ன மத்திய அரசு படைகளையும் வாபஸ் வாங்கிட்டாங்க. அதே ஏப்ரல் மாசம்தான் கன்சாஸ்ல நிக்கோடெமஸ் டவுன் கம்பெனி ஆரம்பிச்சாங்க. கன்சாஸ்னா அவங்க காதுக்கு ஜான் பிரவுன்ங்கறவர் அடிமை முறையை எதிர்த்து சண்டை போட்ட மண்ணு, 1861ல அடிமை முறை இல்லாத மாநிலமா யூனியன்ல சேந்த மண்ணு. அந்தப் பேருக்கே ஒரு ஈர்ப்பு இருந்துச்சு.

இப்போ டவுன் கம்பெனின்னா என்னன்னு பாப்போம், ஏன்னா ப்ரெய்ரியில பாதி ஊர் இப்படித்தான் பிறந்துச்சு. நாலு பேர் சேந்து கம்பெனி பதிவு பண்ணுவாங்க, ஒரு இடத்தைப் புடிச்சு சர்வே பண்ணி தெரு, மனை எல்லாம் பேப்பர்ல கோடு போட்டு அரசாங்கத்துல தாக்கல் பண்ணுவாங்க, அப்புறம் ஊர் ஊரா நோட்டீஸ் அடிச்சு ஆள் சேப்பாங்க, மனை வித்த காசும் ஆளுங்களுக்கு நிலம் காட்டிக் குடுத்த கூலியும் கம்பெனிக்கு. ஊர் முதல்ல காகிதத்துல பிறக்கும், மனுஷங்க அப்புறம் வருவாங்க. நிக்கோடெமஸ் கம்பெனியை ஆரம்பிச்சது ஏழு பேர், ஆறு பேர் கருப்பினத்தவர், ஒருத்தர் வெள்ளைக்காரர். டபிள்யூ. எச். ஸ்மித்னு ஒரு போதகர் தலைவர், சைமன் ரவுண்ட்ரீன்னு இன்னொரு போதகர் செயலாளர், இண்டியானாக்காரர் டபிள்யூ. ஆர். ஹில்னு ஒரு நில வியாபாரி பொருளாளர், அந்த ஒரே வெள்ளைக்காரர் இவர்தான். ரவுண்ட்ரீ அடிமையா இருந்தப்ப எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதுக்காக கன்னத்துல சூடு போட்டாங்கன்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்ட மனுஷன்தான் ஊருக்கு ஆள் கூப்பிடற நோட்டீஸ்ல செயலாளரா இருந்தார், அதை நினைச்சாலே எனக்கு மனசு நெகிழும்.

1877 ஜூலை 2ம் தேதி போட்ட நோட்டீஸ் இன்னும் கிடைக்குது, படிச்சுப் பாத்தா அந்தக் காலத்து விளம்பரம் எப்படி வேலை செஞ்சுதுன்னு புரியும். கன்சாஸ் தலைநகர் டொபீகாவுக்கு 240 மைல் மேற்க, பெரிய சாலமன் பள்ளத்தாக்குல, கருப்பு வண்டல் மண்ணு, நாங்க பாத்ததுலயே அருமையான சீமை, ஆத்துல நல்ல தண்ணி, ஊத்து நிறைய, வீடு கட்ட லேசா அறுக்கக்கூடிய சுண்ணாம்புக்கல் நிறைய, அடுப்பு எரிக்கற அளவுக்கு மரம் இருக்கு, நிலக்கரியும் கிடைக்கும்னு பயமில்லாம நம்பறோம் அப்படின்னு போகுது. கம்பெனி ஆரம்பிக்கும்போது கஜானாவுல மூணு டாலர், உறுப்பினர் பன்னிரண்டு பேர், இப்போ கிட்டத்தட்ட 300 பேர்னு பெருமையா சொல்லுது. அஞ்சு வருஷத்துக்கு ஊருக்குள்ள சாராயக்கடை கிடையாதுன்னு ஒரு விதியும் இருக்கு. இதுல கல்லு உண்மை, மண்ணும் ஓரளவு உண்மை. மரம் ஆத்தங்கரையில கொஞ்சம் இருந்துச்சு. நிலக்கரிதான் வெறும் ஆசை. மழை எவ்வளவு பெய்யும்ங்கற பேச்சை யாரும் எடுக்கவே இல்ல, அங்க வருஷத்துக்கு சராசரியா 20 அங்குலம் சொச்சம்தான்.

லெக்ஸிங்டன்ல இருந்து தனியா ஒரு நோட்டீஸ் வந்துச்சு, 1877 செப்டம்பர் 5ம் தேதி கன்சாஸ் போக விரும்பற கருப்பின மக்கள் எல்லாரும் 5 டாலருக்குப் போகலாம்னு தலைப்பு. குழுவுல சேர சந்தா ஒரு டாலர், அதையும் 25 சென்ட் 25 சென்ட்டா தவணையில கட்டலாம்னு இருக்கு. ஒரு டாலரை ஒரே தடவையில எடுத்து வைக்க முடியாத ஜனங்கதான் ஆயிரம் மைல் பக்கம் தள்ளி புது ஊர் கட்டக் கிளம்பினாங்க, அந்த ஒரு வரியில மொத்த நிலைமையும் தெரிஞ்சிடுது.

ஜூன் மாசம் ரவுண்ட்ரீ முதல் ஆளா வந்து சேந்தார். ஜூலையில ஸக்கரி ஃப்ளெச்சரும் அவர் சம்சாரம் ஜென்னி ஃப்ளெச்சரும் இன்னும் கொஞ்சம் பேரும் வந்தாங்க. செப்டம்பர்லதான் பெரிய கூட்டம், கென்டக்கியில இருந்து 300 பேருக்கு மேல ரயில் ஏறி எல்லிஸ்ங்கற ஸ்டேஷன்ல இறங்கினாங்க. அங்கிருந்து ஊர் 35 மைல், ரோடு கிடையாது, பஸ்ஸு வண்டி எதுவும் கிடையாது, மூட்டை முடிச்சு தூக்கிக்கிட்டு கிட்டத்தட்ட ரெண்டு நாள் நடை. செப்டம்பர் 17ம் தேதி போய் சேந்தாங்க. போய்ப் பாத்தா ஊர் எங்க? ஒரு வீடு இல்ல, ஒரு தெரு இல்ல, ஏற்கனவே வந்தவங்க மண்ணுக்குள்ள குழி தோண்டிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சம் பேர் மறுநாளே திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. கொண்டுவந்த ஹில் மேல அவ்வளவு கோவம், தூக்குல போடணும்னு தேடினாங்கன்னும் அவர் எங்கயோ போய் ஒளிஞ்சு தப்பிச்சார்னும் அந்தப் பக்கம் கதை கதையா சொல்லுவாங்க.

அடுத்த வசந்த காலத்துல, 1878ல, ஜார்ஜ்டவுன்ல இருந்து டேனியல் ஹிக்மன்ங்கற போதகர் தன் சபை ஜனங்களோட கிளம்பி வந்தார். எல்லிஸ்ல வந்து இறங்கினதும் குழந்தைங்களுக்கு மீசில்ஸ், அங்கயே கூடாரம் போட்டு ரெண்டு வாரம் பக்கம் தங்க வேண்டியதாச்சு, சில குழந்தைங்க செத்துப்போச்சு, அங்கயே புதைச்சுட்டு மிச்ச ஜனத்தைக் கூட்டிக்கிட்டு புறப்பட்டாங்க. வழி தெரியாது, மான் போன தடமும் எருமைப் பள்ளமும்தான் அடையாளம், காம்பஸ் வச்சு திசை பாத்துப் போனாங்க, ராத்திரியில ஆம்பளைங்க நெருப்பு மூட்டி துப்பாக்கி சுட்டு சத்தம் போட்டு மிருகம் வராம காவல் இருந்தாங்க. இதையெல்லாம் பின்னாடி சொன்னது ஹிக்மனோட மனைவி வில்லியானா ஹிக்மன். ஊர் வந்துடுச்சுன்னு ஆளுங்க சந்தோஷமா கத்தறாங்க, இந்தம்மா உத்து உத்துப் பாக்கறாங்க, ஒண்ணும் தெரியல, நிக்கோடெமஸ் எங்கன்னு புருஷன்கிட்ட கேக்கறாங்க, அவர் தரையில இருந்து அங்கங்க கிளம்பற புகையைக் காட்டி அதுதான் நிக்கோடெமஸ்னு சொல்றார். குடும்பம் குடும்பமா எல்லாரும் மண்ணுக்குள்ள குழி வீட்டுல இருந்தாங்க. அந்தம்மா அங்கயே அழ ஆரம்பிச்சுட்டாங்க. மரமும் ஓடையும் பச்சையுமா இருந்த கென்டக்கியில இருந்து வந்தவங்க, அழாம என்ன செய்வாங்க. ஆனா அவங்க திரும்பிப் போகல, அந்தக் கவுண்டியிலயே வருஷக்கணக்கா இருந்தாங்க.

குழி வீடுன்னு சொன்னேன், அது எப்படி இருக்கும்னா, சரிவா இருக்கற மேட்டைக் குடைஞ்சு ஒரு ரூம் அளவுக்கு மண்ணை எடுத்துடுவாங்க, மூணு பக்கமும் மேடே சுவர், முன்பக்கம் மட்டும் கல்லோ மண்கட்டியோ வச்சு அடைச்சு கதவு, மேல ஆத்தங்கரையில இருந்து கொண்டுவந்த கம்பு, செடி கொடி, அதுக்கு மேல புல்லு வேரோட பாளம் பாளமா வெட்டின மண்ணு. ஒரு மூலையில அடுப்பு, அதோட புகைக்கூண்டு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல, குளிர் காலத்துல கதகதப்பு, வெயில்ல ஜில்லுன்னு இருக்கும். ஆனா மழை பெஞ்சா ரெண்டு நாளைக்கு உள்ள சேறு, கூரையில இருந்து பாம்பு விழும், மேல மாடு நடந்தா கூரை உள்ள வந்துடும். கொஞ்சம் வசதி வந்ததும் அதே மண்பாளத்தை அடுக்கித் தரைக்கு மேல வீடு கட்டினாங்க, அப்புறம் சுண்ணாம்புக்கல் வீடு. விறகு இல்லாததால காஞ்ச எருமைச் சாணியும் சூரியகாந்தித் தண்டும்தான் அடுப்புக்கு. அந்த முதல் வருஷம் 1877 அக்டோபர் கடைசியில எம்மா வில்லியம்ஸ்ங்கற பொண்ணுக்கு ஒரு குழி வீட்டுலதான் ஹென்றின்னு பையன் பொறந்தான், ஊர்ல பொறந்த முதல் குழந்தை.

அந்த முதல் குளிர்காலம்தான் கண்டம். செப்டம்பர்ல வந்தவங்களுக்கு விதைக்க நேரமே இல்ல, கையில காசில்ல, கருவி இல்ல. முதல் வருஷம் மொத்த ஊருக்கும் சேத்து மூணே மூணு குதிரைன்னு சொல்லுவாங்க. பக்கத்துல கடைன்னு பாத்தா ஸ்டாக்டன், 20 மைல் கிழக்க. அந்தச் சமயத்துல வேட்டை முடிச்சுத் திரும்பிக்கிட்டிருந்த ஓசேஜ்ங்கற பூர்வகுடி இனத்து மக்கள் தங்க கறியைக் குடுத்துக் காப்பாத்தினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் அந்த ஊர்க் குடும்பங்கள் சொல்லிக்கிட்டு வருது. இந்தக் கதையை அவங்க விடாம சொல்றாங்களே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், தங்களுக்கு யார் சோறு போட்டாங்கன்னு மறக்காத ஊர் அது. கன்சாஸோட மத்த ஊர்களுக்கும் ஆள் அனுப்பி உணவும் துணியும் விதையும் கேட்டு வாங்கினாங்க. ஆம்பளைங்க கூலி வேலைக்கு ரயில்வே லைன் போடற இடத்துக்கும் கிழக்கு கன்சாஸ் பண்ணைகளுக்கும் நடந்தே போய்ட்டாங்க, பொம்பளைங்களும் குழந்தைங்களும்தான் ஊர்ல இருந்து நிலத்தைக் கொத்தினாங்க.

கொத்தினாங்கன்னு வேணும்னேதான் எழுதறேன். ப்ரெய்ரி புல்லோட வேர் அடர்த்தி நீங்க பாத்தாத்தான் நம்புவீங்க, ஆயிரக்கணக்கான வருஷமா பின்னிப் பிணைஞ்சு கிடக்கும், அதைக் கிழிக்க எஃகுக் கலப்பையும் நல்ல ஜோடி மாடுகளும் வேணும். இவங்க கிட்ட மண்வெட்டியும் கடப்பாரையும்தான். பால் மாட்டைப் பூட்டி உழுதவங்க உண்டு. அப்படி ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்னு கிளறி சோளமும் காய்கறியும் போட்டாங்க, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல கோதுமை. அஞ்சு வருஷம் தாக்குப் புடிச்சு நிலத்தைப் பேருக்கு மாத்திக்கிட்டவங்க நிறைய பேர். நேத்து வரைக்கும் ஒரு சொத்துக் கணக்குல தானே ஒரு சொத்தா எழுதப்பட்டிருந்த ஒரு மனுஷன் கையில 160 ஏக்கருக்குப் பத்திரம் வாங்கற நாள் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நிறைய பேர் இந்தக் கதையை "பாவம், ஒரு வியாபாரி கிட்ட ஏமாந்து போய் மாட்டிக்கிட்டாங்க"ன்னு சொல்லி முடிச்சுடுவாங்க. எனக்கு அது சரின்னு படல. ஹில் நோட்டீஸ்ல ஊதினது நிஜம், அதுல காசு பாத்ததும் நிஜம், நிக்கோடெமஸுக்கு மேற்க ஒரு பன்னிரண்டு மைல்ல தன் பேர்லயே ஹில் சிட்டின்னு ஒரு ஊரை ஆரம்பிச்சு அதுக்காக உழைச்சதும் நிஜம். ஆனா கம்பெனியில ஏழுல ஆறு பேர் இவங்க ஆளுங்கதான், சர்ச்சு சர்ச்சா கூட்டம் போட்டு முடிவெடுத்துதான் கிளம்பினாங்க, கென்டக்கியில என்ன காத்திருக்குன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். வந்து பாத்து ஏமாந்தப்புறமும் இருக்கறதா போறதான்னு ஒவ்வொரு குடும்பமும் மறுபடி ஒரு முடிவெடுத்துச்சு. அந்த ரெண்டாவது முடிவுதான் இந்த ஊரை உருவாக்கினதுன்னு நான் நினைக்கறேன். 1879ல மிசிசிப்பி, லூசியானா பக்கம் இருந்து ஆயிரக்கணக்கான பேர் கன்சாஸுக்குக் கிளம்பினாங்களே, எக்ஸோடஸ்டர்ஸ்னு சொல்லுவாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இவங்க வந்து நின்னுட்டாங்க, நிறைய பேர் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க.

ஊர் நின்னதுக்கு அப்புறம் வேகமா வளந்துச்சு. ஜென்னி ஃப்ளெச்சர்தான் ஊரோட முதல் டீச்சர், 1879ல கவுண்டியோட முதல் பள்ளி மாவட்டமே நிக்கோடெமஸ்லதான் அமைஞ்சுது. ஸக்கரி ஃப்ளெச்சர் செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டலும் குதிரை லாயமும் நடத்தினார். பாப்டிஸ்ட் சபையும் ஏ.எம்.இ.ன்னு சொல்ற ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையும் குழி வீட்டுல ஆரம்பிச்சு கல் கட்டடத்துக்கு வந்துச்சு. அரசியல்ல எட்வர்ட் மெக்கேப்னு ஒருத்தர், நியூயார்க் மாநிலத்துல பொறந்து சிகாகோவுல கிளார்க்கா இருந்துட்டு 1878ல ஏப்ரம் ஹால்னு ஒரு நண்பரோட இங்க வந்தவர். 1880ல கிரஹாம் கவுண்டியை முறையா அமைச்சப்ப கவர்னர் இவரைத் தற்காலிக கவுண்டி கிளார்க்கா போட்டார், 1882ல மொத்த கன்சாஸ் மாநிலத்துக்கும் ஆடிட்டரா தேர்தல்ல ஜெயிச்சார், ரெண்டு தடவை அந்தப் பதவியில இருந்தார். தெற்குக்கு வெளிய அந்தக் காலத்துல ஒரு கருப்பினத்தவர் அவ்வளவு பெரிய மாநிலப் பதவிக்கு ஜெயிக்கறது சாதாரண விஷயமே இல்ல, அதுவும் வெள்ளைக்காரங்க ஓட்டுதான் பெரும்பான்மை. பின்னாடி அவர் ஓக்லஹோமா போய் லேங்ஸ்டன்ங்கற இன்னொரு கருப்பின ஊரை உருவாக்கினார்.

1880கள் நடுவுல நல்ல மழை பெஞ்ச வருஷங்கள்ல நிக்கோடெமஸ்ல பேங்க் இருந்துச்சு, ஹோட்டல்கள், மளிகைக் கடைகள், மருந்துக்கடை, பேஸ்பால் டீம், இலக்கிய மன்றம் எல்லாம் இருந்துச்சு. வெள்ளைக்கார வியாபாரிகளும் வந்து கடை போட்டிருந்தாங்க. 1886ல வெஸ்டர்ன் சைக்ளோன்னு ஒரு பத்திரிகை, 1887ல என்டர்பிரைஸ்னு இன்னொண்ணு, சில நூறு பேர் இருந்த ஊருக்கு ரெண்டு பத்திரிகை! அந்தக் காலத்து ப்ரெய்ரி ஊர்ல பத்திரிகைங்கறது செய்தி சொல்ல மட்டும் இல்ல, ஊரை வெளியூர்க்காரங்க கிட்ட விக்கறதுக்குத்தான் முக்கியமா.

இப்போ ரயில் விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் ப்ரெய்ரி ஊர்களோட தலையெழுத்து முடிவாகும். 35 மைல் தள்ளி இருக்கற எல்லிஸுக்கு கோதுமையை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு போறதுக்கும் வர்றதுக்கும் ஆகற நாளையும் தீனியையும் கணக்குப் போட்டா கோதுமை விலையில பாதி வழியிலயே போயிடும். ரயில் ஊருக்குள்ள வந்தா மனை விலை ஏறும், கடை வரும், தானியக் கிடங்கு வரும். இது ரயில் கம்பெனிகளுக்கும் தெரியும், அதனால ஊர் ஊரா போய் "நீங்க எவ்வளவு பாண்டு போடறீங்க"ன்னு கேப்பாங்க, அதாவது ஊர்க்காரங்க வரியை அடமானம் வச்சுக் கடன் எடுத்து ரயிலுக்குக் குடுக்கணும். 1887 மார்ச்ல நிக்கோடெமஸ் ஓட்டுப் போட்டு மிசௌரி பசிஃபிக் கம்பெனிக்காக 16,000 டாலர் பாண்டுக்கு சம்மதிச்சாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி மூணு டாலரோட ஆரம்பிச்ச ஊர். ஆனா ஸ்டாக்டன் வரைக்கும் வந்த அந்த லைன் அதுக்கு மேல மேற்க வரவே இல்ல. அடுத்த வருஷம் 1888ல யூனியன் பசிஃபிக் லைன் போட்டாங்க, அது ஆத்துக்குத் தெற்க, ஊர்ல இருந்து ஒரு ஆறு மைல் தென்மேற்க தள்ளிப் போயிடுச்சு. லைன் போடற ஆளுங்க தங்கின இடத்துல போக்ன்னு ஒரு புது ஊர் முளைச்சுது. நிக்கோடெமஸ் வியாபாரிங்க ஒவ்வொருத்தரா கடையைக் காலி பண்ணிக்கிட்டு போக்குக்குப் போனாங்க, சிலர் கடைக் கட்டடத்தையே பேத்து எடுத்துக்கிட்டு போய் அங்க வச்சாங்க. அதே லைன் ஹில் சிட்டி வழியா போச்சு, அதே 1888ல கவுண்டி தலைநகரும் ஹில் சிட்டிக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி தலைநகரா இருந்த மில்புரூக்ங்கற ஊரை 1887ல ஒரு சூறாவளி துவம்சம் பண்ணிடுச்சு, இன்னைக்கு அந்த ஊரே கிடையாது.

நிக்கோடெமஸ்காரங்க நிறத்தால ரயில் வேணும்னே விலகிப் போச்சான்னு கேப்பீங்க. அந்த வருஷங்கள்ல கன்சாஸ் முழுக்க நூத்துக்கணக்கான வெள்ளைக்கார ஊரும் இதே மாதிரி ரயில் வராம செத்துச்சு, ரயில் கம்பெனிங்க செலவு கம்மியா லைன் போட எங்க தோதோ அங்க போனாங்க, தங்களே மனை போட்டு விக்கற இடத்துக்கும் போனாங்க. அதனால நிறம்தான் ஒரே காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மாதிரி ஊர்கள்ல பெரும்பாலானது மேப்ல இருந்தே போயிடுச்சு, நிக்கோடெமஸ் போகல. கடைத்தெரு போச்சு, விவசாயக் குடும்பங்கள் இருந்தாங்க, ஏன்னா நிலம் அவங்க பேர்ல இருந்துச்சு, சபை இருந்துச்சு, சொந்தக்காரங்க எல்லாம் ஒரே வட்டாரத்துல இருந்தாங்க, வேற எங்க போனாலும் மறுபடி ஒருத்தன் நிலத்துல கூலிதான். 1907ல ரயில் இல்லாத அந்த ஊர்லதான் பாப்டிஸ்ட் சபை சுண்ணாம்புக்கல்லுல புது கோயில் கட்டினாங்க, 1918ல புது பள்ளிக்கூடம் கட்டினாங்க. முடிஞ்சுபோன ஊர் இப்படியெல்லாம் கட்டாது.

நிஜமா அடி விழுந்தது 1930கள்ல, புழுதிப் புயலும் விலை வீழ்ச்சியும் சேந்து வந்தப்ப. இளவட்டம் எல்லாம் டென்வர், டொபீகா, கலிபோர்னியான்னு கிளம்பிட்டாங்க. 1939ல அரசாங்க வேலைத் திட்டத்துல டவுன்ஷிப் ஹால் கட்டினாங்க, 1953ல போஸ்ட் ஆபீஸ் மூடினாங்க, அப்புறம் பள்ளிக்கூடமும் போச்சு. அந்தக் காலத்துல அங்க வளந்த வெரில் ஸ்விட்சர் 1954ல கிரீன் பே பேக்கர்ஸ்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு முதல் ரவுண்டுலயே தேர்வானார். 1976ல ஊரைத் தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க, 1996ல தேசியப் பூங்கா துறை கையில எடுத்துச்சு. டவுன்ஷிப் ஹால், பாப்டிஸ்ட் சபை, ஏ.எம்.இ. சபை, செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல், பள்ளிக்கூடம்னு அஞ்சு கட்டடம் அதுல சேரும். நிரந்தரமா இருக்கறவங்க இன்னைக்கு ரொம்பக் கம்மி, ஒரு கல்யாணப் பந்தியில ஒரு வரிசையை நிரப்பற அளவுதான்.

கன்சாஸ் பக்கம் போறவங்க யாராவது இருந்தா ஹில் சிட்டிக்கும் ஸ்டாக்டனுக்கும் நடுவுல 24ம் நம்பர் ஹைவேயிலயே ஊர் இருக்கு, தேடவே வேணாம். முடிஞ்சா ஜூலை கடைசி வாரக் கடைசியில போங்க. ஊர் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே இவங்க ஆகஸ்ட் 1ம் தேதி விடுதலைத் திருநாள் கொண்டாட ஆரம்பிச்சாங்க, 1834ல பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகள்ல அடிமை முறை முடிஞ்ச நாள் அது. அதுதான் இப்போ ஹோம்கமிங்னு நடக்குது, அமெரிக்கா முழுக்க இருந்து அந்த முதல் குடும்பங்களோட வாரிசுங்க நூத்துக்கணக்குல வந்து இறங்குவாங்க, ஊர்வலம், பாட்டு, சாப்பாடு எல்லாம் இருக்கும். அங்க பெரியவங்க யாரையாவது புடிச்சு உக்காந்து கேளுங்க, ஓசேஜ் கதையும் ஹில்லைத் துரத்தின கதையும் நான் சொன்னதைவிட நல்லா சொல்லுவாங்க.